கப்டனின் கறுவாப் பெட்டி

சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடம். சுவிஸின் ஆரெ ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி எங்கள் சிறிய அருங்காட்சியகத்தின் சன்னல்களை மறைத்திருந்தது. வெளியே மழையுமில்லை, வெயிலுமில்லை. வருகிறவர்கள் ஏற்கெனவே நம்புவதை அவர்களுக்கே திருப்பிச் சொல்லிப் புன்னகைப்பதுதான் வழிகாட்டித் தொழில் என்பதை அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே நான் கற்றிருந்தேன். முகத்தை மலர்ச்சியாக வைத்திருப்பதற்காகச் சம்பளம் வாங்கும் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆயினும் அன்று நடந்தது விளங்க வேண்டுமானால், முந்திய சில நாட்களைச் சொல்லியாக வேண்டும்.

நத்தார் வாசனை

நான் வசிக்கும் சோலோதுர்ன் நகரிலிருந்து ரயிலேறி வந்து நான் வழிகாட்டும் கூடத்தின் பெயர் ‘கடலோடிகள்’. நுழைந்ததும் ஒரு மரப்பெட்டி இருக்கும். மூடியைத் தூக்கி முகர்ந்தால் கறுவா, அதாவது இலவங்கப்பட்டை, மணக்கும். இந்த மணத்துக்காக உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று மேலே எழுதியிருக்கும். யாருடைய உயிரை என்று எழுதியிருக்காது. இந்நாட்டில் நத்தார் எனும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வீடுதோறும் கறுவா பிஸ்கட் சுடுவார்கள். ஆகவே மூடியைத் தூக்கும் ஒவ்வொருவரும் கண்ணை மூடி, “ஆ, நத்தார்” என்பார்கள். நானும் அதை முதன்முறையாகக் கேட்பவள்போல் தலையசைப்பேன்.

ஒருநாள் அப்படிக் கண்ணை மூடிய பெண்மணி ஒருவரிடம், ஒல்லாந்தர் கும்பனி, அதாவது டச்சுக் கம்பனி, இலங்கைக் கரையோரத்தை ஆண்டபோது, அனுமதியின்றிக் கறுவா உரித்தவருக்கு மரண தண்டனை என்று சட்டம் இருந்ததைச் சொன்னேன். அவர் நெஞ்சில் கைவைத்தார். பிறகு கேட்டார்: “கொடுமைதான். இந்தப் பட்டையை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?”

கடல் இல்லாத நாடு

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூடத்தின் நடுவில் நின்று, சுவிஸுக்குக் கடலே இல்லாதபோது அதற்கும் குடியேற்ற ஆதிக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். பின்சுவரில் தொங்கும் எண்ணெய் வண்ணப் படத்தைக் காட்டினேன். சிவப்புக் கோட்டு, இடுப்பில் வாள், தோளில் ஒரு பச்சைக் கிளி. இந்த ஊரில் பிறந்து, கூலிப்படையுடன் ஒல்லாந்தர் கும்பனியில் சேர்ந்து, இலங்கைக் கறுவாக் காடுகளைக் காவல் காத்த கப்டன் அவர். ஆசிரியர் படத்தைக் கனிவோடு பார்த்துவிட்டு, “பாவம், பிழைப்புக்குப் போயிருக்கிறார்” என்றார்.

வாசலில் சிவம் அண்ணை நின்றிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இப்போது எங்கள் கூடத்தின் காவலராக இருப்பவர். ஆசிரியர் போனதும் அருகில் வந்தார். “நானும் பிழைக்கத்தான் வந்தனான் எண்டு சொல்லியிருந்தா, அண்டைக்கே பிளேன் ஏத்தியிருப்பாங்கள் தங்கச்சி. இவர் துவக்கும் வாளுமாப் போனவர், அவரைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாங்கள்.”

இயக்குநரின் நுட்பம்

அந்தப் படமும் கூடத்திலுள்ள பொருட்களில் பாதியும் கப்டனின் வழித்தோன்றலான ஒரு மூதாட்டியிடமிருந்து இரவலாக வந்தவை. சனிக்கிழமை அவர் நேரில் வருகிறார், மனம் நிறைந்தால் எல்லாவற்றையும் நிரந்தரக் கொடையாகத் தருவார் என்றார் அருங்காட்சியக இயக்குநர். பத்திரிகைப் படப்பிடிப்பாளரும் வருகிறார். பெட்டியில் புதிய கறுவா இடும்படி சிவம் அண்ணைக்குச் சொல்லப்பட்டது. கடைக் கறுவாவில் வாசமில்லை, ஊரிலிருந்து வந்த தூள் வீட்டில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று அவர் பொறுப்பேற்றார்.

இயக்குநர் எனக்குச் சொன்னது வேறு: மரண தண்டனை பற்றிய வாக்கியத்தை விட்டுவிட வேண்டும். என் ஒப்பந்தம் அம்மாதத்துடன் முடிகிறது. புதுப்பிக்கும் கையெழுத்து அவருடையது. அது உண்மைதானே என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்: “உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.”

அந்தச் சனிக்கிழமை

வாக்கியத்தை விழுங்கிவிடுவது என்று முடிவுசெய்தே வந்திருந்தேன். இயக்குநர் மூதாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, பெட்டியின் மூடியைத் தாமே தூக்கி, முதலில் முகர்ந்து காட்டினார். மூதாட்டியும் குனிந்து ஆழமாக இழுத்தார். இருவரில் ஒருவரும் “நத்தார்” என்று சொல்லவில்லை. இயக்குநருக்குத் தொடங்கிய இருமல் நிற்கவே இல்லை. மூதாட்டி தும்மித் தும்மிக் கண்ணீர் வடித்தார். பெட்டியை நெருங்கியதும் எனக்கு விளங்கிவிட்டது. நம் வீடுகளில் எல்லாத் தூளும் ஒரே மாதிரியான பழைய கோப்பி டின்களில்தானே இருக்கும்? சிவம் அண்ணை என் காதருகே முனகினார்: “மனுசி வறுத்துத் திரிச்ச மிளகாய்த்தூள் தங்கச்சி. எனக்குத் தடிமன், மூக்கடைச்சு மணம் பிடிபடேல்லை.”

மூதாட்டி கைக்குட்டையோடு கப்டனின் படத்தின்முன் போய் நின்றார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, “இவர் அங்கே என்னதான் செய்தார்?” என்று என்னைக் கேட்டார். இயக்குநர் வேண்டாமென்று எனக்குக் கையை ஆட்டினார். வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. கேட்டவருக்குப் பதில் சொல்வது என் வேலை. சட்டத்தையும், தண்டனையையும், அந்தக் காடுகளைக் காத்தது யார் என்பதையும் ஒரு சொல் குறையாமல் சொன்னேன். படப்பிடிப்பாளரின் கமரா மின்னியது. மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்கள் வீட்டில் இவரை இளகிய மனத்தவர் என்பார்கள். அந்தக் கிளி செத்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.”

மறுநாள் காலை

ஞாயிற்றுப் பத்திரிகையின் உட்பக்கத்தில், மூதாதையின் படத்தின்முன் மனமுருகிக் கண்ணீர் விடும் மூதாட்டியைக் கண்டேன். குடும்பத்தின் கடந்தகாலத்தைத் துணிவோடு எதிர்கொண்டாராம். மூதாட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அனைத்தையும் கொடையாகத் தருவதாக இயக்குநருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். இயக்குநர் உடனே என்னை அழைத்து, ஒப்பந்தம் நீடிக்கிறது, அந்த வாக்கியத்தை இனி எல்லாச் சுற்றிலும் அதே உணர்ச்சியோடு சொல்லுங்கள் என்றார். சிவம் அண்ணையின் மனைவி ஆட்டிறைச்சிக் கறிக்குத் தூள் தேடி, அடுக்களையில் எஞ்சிய ஒரே டின்னில் கறுவாவைக் கண்டு கணவரைத் தேடினார். அவர் அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

மூதாதையர் செய்ததைக் கேட்டு ஐரோப்பியர் கண்கலங்க வேண்டுமானால் வரலாறு மட்டும் போதாது, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் ஒரு கரண்டி வேண்டும் என்பதே என் தொழில் அனுபவம்.