டிபன் பையில் இருந்த கரண்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கரண்டு போயிற்று. போனால் போகட்டும் என்று விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷத்தில் எதிர்வீட்டிலிருந்து பெட்ரோல் புகை நாற்றமும் கூடவே ஒரு தடதட சத்தமும் வந்தன. எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார். நல்ல மனிதர், போய் இரண்டு வார்த்தை சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய விஷயம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, "அந்த ஒயரு எங்க போய் சொருகியிருக்கு, காட்டுங்க" என்று மூச்சிரைக்க நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் வீட்டம்மாவைப் பார்த்தார். ஒயர் நேராக ஒரு டேபிள் ஃபேனுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். அசடு வழிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

அந்தப் புகை மூக்கில் ஏறினால் எனக்குப் பிலோமினா ஞாபகம் வந்துவிடும். உடனே நீங்கள் சிரிக்க வேண்டாம். காதல் கீதல் ஒன்றும் கிடையாது. அவள் என்னைக் கூப்பிட்டதே "டேய் சோம்பேறி" என்றுதான்.

நாங்கள் இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பேட்ச், எலக்ட்ரீஷியன். நான் போளூர், அவள் கண்ணமங்கலத்துப் பக்கம் ஒரு வேதக்காரக் குடும்பம். படிப்பு முடிந்த கையோடு ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தோம். ஜவ்வாது மலையில் வீடுகளுக்குப் போகும் பழைய ஒயர்களை மாற்றிக் கொடுக்கும் வேலை. என்னைக் கம்பம் ஏறவும், அவளை ஏணி பிடிக்கவும் எடுத்தார்கள். படிப்பில் அவள் முதல், நான் கடைசிக்கு இரண்டு படி மேலே. ஆனாலும் அப்படித்தான் எடுத்தார்கள்.

அந்த வயதில் எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. சட்டைப் பையில் டெஸ்டரை, கலெக்டர் பேனா குத்திக்கொள்கிற மாதிரி குத்திக்கொண்டு பஸ் ஏறுவேன். மலைப்பாதையில் நாலாவது வளைவு திரும்புவதற்குள் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு ஜன்னலோரம் சாய்ந்துவிடுவேன். மிதப்பெல்லாம் ஜமுனாமரத்தூரில் இறங்கி டீ குடித்த பிறகுதான் திரும்பி வரும். பிலோமினா அந்த நேரத்தில் கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியையும் கை வளையலையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வாள். வேலைக்கு வந்தால் உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுவாள். காலில் ரப்பர் அடி வைத்த பழைய ஸ்கூல் ஷூ. டீக்கடையில் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. டிரான்ஸ்பார்மரில் வெள்ளைப் பீங்கானில் பீஸ் கட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைப் பிடுங்கிவிட்டால் ஊருக்கே கரண்டு கிடையாது. லைன்மேனிடம் சொல்லி அனுமதி வாங்கி, அவர் கட்டைகளைப் பிடுங்கியதும், இவள் கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். வாங்கித் தன் டிபன் பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள். வேலை முடியும் வரை அந்தப் பையை இறக்க மாட்டாள். மலை ஜனங்கள் ரொம்ப நாள், "கரண்டு அந்தப் பொண்ணு பையிலதான் கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நானும் கிண்டல் செய்தவன்தான். ஆனால் அவள் அப்படிச் செய்வதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வகுப்பில் அவளுக்குப் பக்கத்து மேஜையில் குமார் என்று ஒருவன். பரீட்சை முடிந்து வேலைக்குப் போன முதல் மாதமே, ஒரு கட்டட வேலையில், "ஆஃப் பண்ணிட்டேன்" என்று எவனோ கீழேயிருந்து கத்திய சொல்லை நம்பி மேலே கை வைத்தான். திரும்பி வரவில்லை. சாவு வீட்டிலிருந்து வரும்போது பிலோமினா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "வாய் வார்த்தைய டிபன் பையில வெக்க முடியாதுடா." எனக்கு அழுகை வந்தது, இரண்டு நாளில் மறந்தும் போனது. அவள் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊர். காலையிலிருந்து மூன்று மணி வரை கரண்டு இருக்காது என்று முதல் நாளே வீடு வீடாகச் சொல்லியாயிற்று. சூப்பர்வைசர் கிளாம்ப் வாங்கப் போளூருக்கு இறங்கிவிட்டார். கட்டைகள் வழக்கம்போல் பிலோமினாவின் பையில். ஒரு வீட்டில் ஒயரை டெஸ்டரால் தொட்டுப் பார்த்தாகிவிட்டது, எரியவில்லை. நான் ஏணியில் கால் வைத்தேன்.

"ராடு மாட்டிட்டு ஏறு" என்றாள்.

எர்த் ராடு என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தரையில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, அதிலிருந்து ஒயர் இழுத்து, நீளக் கழியால் மேலே லைன் கம்பிகள் இரண்டையும் கவ்வி வைப்பது. தப்பித் தவறிக் கரண்டு வந்தால் அந்த வழியாக ஓடிவிடும், ஆளைத் தொடாது. ஆனால் மலை மண்ணை நீங்கள் அடித்துப் பார்த்திருக்க வேண்டும்! நாலு விரல் மண், அப்புறம் முழுக்கப் பாறை.

"கட்டை உன் பையில கீது. அப்பறம் கரண்டு எங்கேந்து வரும்?"

"எங்கேந்து வரும்னு தெரிஞ்சா ராடு எதுக்குடா? அடி."

அடித்தேன். அரை மணி நேரம் அடித்தேன். இரண்டு இடம் மாற்றி, மூன்றாவது இடத்தில் கொஞ்சம் ஈரமாக இருந்ததால் கம்பி இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அவளையும், அவளைச் சேர்த்த காண்ட்ராக்டரையும், அந்தப் பாறையையும் திட்டினேன். உள்ளங்கையில் கொப்புளம். பிறகு ராடை மாட்டிவிட்டு மேலே ஏறி, லைன் கம்பியைப் பிடித்து வேலையை ஆரம்பித்தேன்.

ஊரின் மறுகோடியில் ஒரு கல்யாண வீடு. அங்கிருந்து ஒரு ஜெனரேட்டர் உறுமியது. பாட்டு ஆரம்பித்து, இழுத்து இழுத்து அமுங்கி நின்றுபோனது. மறுபடி உறுமல், மறுபடி நின்றுபோனது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடியே, "மாப்ள வர்றதுக்குள்ள அது செத்துடும் போல" என்று கீழே பார்த்துச் சொன்னேன்.

பிலோமினா சிரிக்கவில்லை. ராடு கவ்வியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை உறுமியபோது அங்கே 'சட்' என்று ஒரு பொறி.

"கையை எடு. எறங்கு."

"இன்னா?"

"எறங்குடா மொதல்ல!"

இறங்கினேன். இருவரும் கல்யாண வீட்டுக்கு ஓடினோம். பந்தலுக்குப் பின்னால் மைக் செட் இளைஞன் ஒருவன் வியர்த்து விறுவிறுத்து ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து கிளம்பிய ஒயர் வீட்டுக்குள் போய், சுவரிலிருந்த ப்ளக்கில் சொருகியிருந்தது. இரண்டு பக்கமும் ப்ளக் வைத்த ஒயர், அவனே செய்தது. மெயினை யாரும் அணைக்கவில்லை. வீட்டுக்குள் போன கரண்டு, வீட்டோடு நிற்காமல், வந்த வழியே திரும்பி லைனுக்கு ஏறியிருக்கிறது. நான் பிடித்திருந்த கம்பிக்கு! ராடு இருந்ததால் அது என்னைத் தொடாமல் மண்ணுக்குள் ஓடியது; ஜெனரேட்டர் திணறித் திணறி நின்றதும் அதனால்தான்.

"இன்னாங்க அக்கா, ஸ்டார்ட்டு ஆகி ஆகி நிக்குது" என்றான் அவன் பரிதாபமாக. "நீங்கதான கரண்டு இல்லன்னீங்க, அதான் எடுத்தாந்தோம். இப்பிடி சொருகுனா பக்கத்து வூட்லயும் லைட்டு எரியும்ங்க, பாவம் அவங்க வூட்டுக்குள்ளயும் இருட்டாதான் கீது."

அவன் மேல் எப்படிக் கோபப்படுவது, சொல்லுங்கள்? நல்லெண்ணம்! பிலோமினா அந்த ஒயரைப் பிடுங்கி, ஒரு பக்கத்து ப்ளக்கைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி அவன் கையில் கொடுத்தாள். நடந்ததை அவனுக்குப் பொறுமையாக விளக்கினாள். அவன் முகம் வெளுத்து, என் காலைத் தொட வந்தான். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரோ சாமைச் சோறும் குழம்பும் இலையில் கொண்டுவந்து வைத்தார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவளோ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "உப்பு கம்மியா கீதா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் என்ன, காலம் ஓடிவிட்டது. அவள் இப்போது ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள், புதிதாகச் சேரும் பிள்ளைகள் அவளைத் தாண்டித்தான் ஸ்விட்சைத் தொட முடியுமாம். எனக்கு அவளை விடப் பெரிய ஆளைத் தெரியாது. இதை அவளிடம் நேரில் சொன்னால் அடிக்க வருவாள்.

எதிர்வீட்டில் அசடு வழிந்த மறுநாள் மனசு கேட்காமல் பஸ் ஏறினேன். இந்த முறை எலுமிச்சம்பழத்தோடு மாத்திரையும். அந்த ஊரில் இப்போது பழைய வெறுங்கம்பி இல்லை, கறுப்பு உறை போட்ட கேபிள் ஓடுகிறது. டிரான்ஸ்பார்மரில் பீங்கான் கட்டைகளைக் காணோம். கல்யாணம் நடந்த வீடு மாடி வீடாகியிருக்கிறது. நான் ஏறிய கம்பம் ரோடு அகலப்படுத்தியபோது போய்விட்டது. நான் திட்டித் திட்டி அடித்த அந்தக் கம்பியின் குழியையாவது பார்க்கலாம் என்று தேடினேன். பாறையையே உடைத்து எடுத்துப் போயிருந்தார்கள்.

அங்கே நின்றபடியே பிலோமினாவுக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் இல்ல இங்க, அந்தக் குழிகூட இல்ல" என்றேன்.

"குழி போனா போவுது, உடு" என்றாள். "நீ நிக்கிற இல்ல?"