எந்தப் பங்குக்கும் வேண்டாத கெசையா

எங்கள் ஊர் ஹார்க்கன்ஷாவில் பிறந்து, ஒன்பது வயதில் பிரையர்லி முதலாளியின் மில்லுக்குப் போய், அங்கேயே இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவள் கெசையா சக்டன். முப்பத்து நாலு வருஷம் அந்த மில்லில்தான் உழைத்தாள். கடைசிப் பன்னிரண்டு வருஷம் எனக்குப் பக்கத்துத் தறி. தறிச் சத்தத்தில் காது கேட்காது, உதட்டசைவில்தான் பேசிக்கொள்வோம். மேஸ்திரியைப் பற்றி அவள் உதட்டாலேயே சொன்னதை எழுதினால் பாதிரியார் என்னைக் கோயிலுக்குள் விடமாட்டார்.

அவள் புருஷன் ஈனாக், கிழக்கே எண்பது மைல் தள்ளி ஃபென்தோர்ப் என்ற சதுப்பு நிலத்து ஊரிலிருந்து பிழைக்க வந்த வண்டிக்காரன். 1830இல் நிலக்கரி வண்டி சரிவில் உருண்டு அவன்மேல் சாய்ந்து, அவன் செத்துப்போனான். அடுத்த ஜனவரியில் கெசையாவுக்கு இருமல் முற்றி, தறி முன்னால் நிற்க முடியாமல் போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாகக் கோயில் பங்கில் உதவி கேட்டாள். ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்வட்டம்தான் பங்கு; தன் ஏழைகளுக்கு அந்தந்தப் பங்குதான் சோறு போட வேண்டும். கேட்டது ரொட்டியும், குளிர் தீரும்வரை கொஞ்சம் கரியும்.

ஏழைகளுக்கு உதவி கொடுக்கிற பொறுப்பு அந்த வருஷம் மளிகைக்கடை ஜேபெஸ் குரோத்தரிடம் இருந்தது. நானும் கூடப் போயிருந்தேன்.

“நீ இந்தப் பங்கே கெடையாதேம்மா” என்றார் அவர்.

“என்னய்யா சொல்றீங்க? உங்க கடைக்குப் பின்னால இருக்கற சந்துலதான் பொறந்தேன். உங்க அம்மாதான் பேறு பாத்தாங்க.”

“எங்க பொறந்தா என்ன? கட்டிக்கிட்டவன் எந்தப் பங்கோ அதான் பொம்பளைக்கும். சட்டம் அது. உனக்கு ஃபென்தோர்ப்.”

“அந்த ஊரு எந்தத் திக்குல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே!”

“வண்டிக்காரனுக்குத் தெரியும்.”

ஆளை வெளியேற்ற இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் பிரையர்லி. அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. கல்யாணமாகாதவன் ஓர் ஊரில் ஒரே இடத்தில் முழு வருஷம் வேலைக்கு இருந்தால், அந்த ஊர்ப் பங்கு அவனுக்கு உண்டு. கெசையா அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிரையர்லியிடம் சொன்னது, வாசலில் நின்ற என் காதிலும் விழுந்தது.

“முதலாளி, என்னைக் கட்டறதுக்கு முன்னால ஈனாக் உங்க லாயத்துலதான் முழு வருஷம் இருந்தாரு. நீங்களே வச்சீங்க.”

“வந்துபோற கூலியாள் பேரையெல்லாம் நான் ஞாபகம் வச்சுக்கிட்டிருக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டு அவர் பேனாவை மையில் தொட்டெடுத்தார்.

கெசையா திரும்பி என்னைப் பார்த்தாள். இறந்துபோன என் அண்ணன் அந்த வருஷம் ஈனாக்கோடு அதே லாயத்துப் பரணில் படுத்தவன். இருவருக்கும் சோறு கொண்டுபோனவள் நான். என் புருஷனுக்கும் எனக்கும் பிரையர்லி மில்லில் வேலை, குடியிருந்த வீடும் அவருடையது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுவாரம் அவளை வண்டியில் ஏற்றினார்கள். தெருவே வெளியில் நின்று பார்த்தது.

ஃபென்தோர்ப்காரர்கள் அவளை ஏழை விடுதியில் போட்டு, வயலில் கல் பொறுக்க அனுப்பினார்கள். அவள் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை, ‘பஞ்சு மூட்டை’ என்று கூப்பிட்டார்களாம். அவர்களுக்கும் அவள் வேண்டாத சுமைதான். வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய வக்கீல் எங்கள் தெருவுக்கு வந்து, லாயத்து விஷயம் யாருக்காவது தெரியுமா என்று வீடு வீடாகக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கடைசியில், பிரையர்லி துரத்திவிட்ட ஏமாஸ் டார்டாஃப் என்ற கிழட்டுக் குதிரைக்காரன் போய்ச் சாட்சி சொன்னான். ஹார்க்கன்ஷா தோற்றது.

அக்டோபரில் கெசையாவைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் தறியில் வேறொருத்தி. அவள் வீட்டில் வேறு குடும்பம். மேசை நாற்காலி எல்லாம் ஏலத்தில் போயிருந்தன. குரோத்தர் வாரந்தோறும் ரொட்டி கொடுத்தார். “இதை முன்னாடியே குடுத்திருந்தா என்னய்யா?” என்று கேட்டாளாம். “வரிசையில நில்லும்மா” என்றாராம்.

மேல்தெருவில் ஒரு நிலவறையில் அவள் ஒண்டியிருந்தாள். ஒரு கிண்ணம் சூப்போடு நான் போனேன்.

“அக்கா, எனக்குப் பிள்ளைங்க இருக்கு. வேலை போயிருந்தா…”

“தெரியும் தபீத்தா. உன் எடத்துல நான் இருந்திருந்தா நானும் அப்படித்தான் நின்னிருப்பேனோ என்னமோ.” இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: “ஆனா நான் உன் எடத்துல இல்லையே. சூப்பை எடுத்துக்கிட்டுப் போ.”

பிப்ரவரியில் செத்துப்போனாள். பங்குச் செலவில் அடக்கம், பெயரில்லாத குழி. அந்த ஈஸ்டரில் குரோத்தரைக் கோயில் நிர்வாகியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரையர்லி கோயிலுக்கு ஒரு புது மணி வாங்கிக் கொடுத்தார். என் புருஷனை மேஸ்திரியாக உயர்த்தினார்கள். நாங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை.