வெனிஸா, பலெர்மோவா

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவின் தங்கைக்கு லண்டனில் கல்யாணம் நிச்சயமானது. ஆக்லாந்திலிருந்து அவ்வளவு தூரம் பறந்துபோய்க் கல்யாணச் சோற்றை மட்டும் தின்றுவிட்டுத் திரும்புவதா என்று அப்பாவே கேட்டு, அப்பாவே பதிலும் சொல்லி, கல்யாணம் முடிந்த கையோடு ஆறு நாள் இத்தாலி என்று அறிவித்தார். அன்றிலிருந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் மரவீட்டின் தரையில் என் கால் பாவவில்லை.

எங்கே போவது, எதைச் சாப்பிடுவது என்று சொல்லித்தர மாமா இருந்தார். அம்மாவின் அண்ணா. சிசிலித் தீவில் பலெர்மோ என்னும் ஊரில் ஓர் உணவகத்தில் சமைத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாக வெளிக்கிட்ட பிறகு, இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். எனக்கு மடி கொடுத்தவர் அப்பாவோடு வேலை செய்த ஒருவர். அந்தப் படத்தை அனுப்பியபோது மாமா நெடுநாள் பதில் போடவில்லையாம்.

மாமாவுக்கு ஆங்கிலம் வராது. வீட்டில் யார் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி வளர்ந்தவள் நான். இப்போது ஞாயிறு மாலைகளில் அம்மாவின் போனைப் பறித்து வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி அவரோடு கதைத்தேன். இத்தாலி மேலிருந்த ஆசையில் நான் கற்றுக்கொண்டது தமிழ்.

அங்கே அது காலை நேரம். மாமா வேலைக்குக் கிளம்புமுன் காப்பியும் கையுமாக வந்து உட்காருவார். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடைக்குப் போகக்கூடாது, சாப்பாட்டுப் படம் ஒட்டிய கடைக்கும் போகக்கூடாது. ஐஸ்கிரீம் மலைபோலக் குவித்து வைத்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நல்ல பிஸ்தா ஐஸ்கிரீம் பார்க்க அழுக்குப் பச்சையாகத்தான் இருக்கும். ரோமில் காப்பியை நின்றுகொண்டே குடிக்க வேண்டும், உட்கார்ந்தால் விலை ஏறும். புளோரன்ஸில் பொழுது சாயும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள மேட்டில் ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். நான் விடுவேனா? மறுநாளிலிருந்து மைலோவைச் சமையலறையில் நின்றபடியே குடித்துப் பழகினேன். அம்மா சனிக்கிழமைகளில் கறிவேப்பிலை தாளித்துச் செய்யும் பாஸ்தாவை மாமாவிடம் காட்டிக்கொடுத்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ரோமும் புளோரன்ஸும் முடிவாகிவிட்டன. மூன்றாவது ஊரில்தான் இழுபறி. அம்மாவுக்குப் பலெர்மோ. எனக்கு வெனிஸ். அங்கே பஸ்ஸும் படகு, குப்பை வண்டியும் படகு, ஆம்புலன்ஸும் படகு என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். ஆம்புலன்ஸ் படகைப் பார்க்காவிட்டால் நான் உயிரோடு இருந்து என்ன பயன் என்று நினைத்தேன். ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. இரண்டுக்கும் நாள் காணாது என்று சொல்லிவிட்டு அப்பா புல் வெட்டப் போய்விட்டார். அவர் கெட்டிக்காரர்.

அந்த ஞாயிறு நான் நேரே மாமாவிடம் வழக்கைக் கொண்டுபோனேன். அதற்கு முந்திய வாரம்தான் அவர் பலெர்மோவைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லியிருந்தார். மீன் சந்தையின் கூச்சல், எங்கள் கட்லட்டைப் போலவே உருட்டிப் பொரித்த சோற்று உருண்டை, மலைமேல் உள்ள மாதாவுக்கு நேர்ந்துகொண்டு அங்குள்ள எங்கள் சைவக்காரரும் நடந்து ஏறுவது என்று எல்லாவற்றுக்கும் ஆசை காட்டியிருந்தார்.

"மாமா, எனக்கு வெனிஸ்தான் வேணும். ஆம்புலன்ஸ் படகு பாக்கவேணும்."

மாமா காப்பியைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார்.

"அப்ப வெனிஸுக்கே போங்கோ. இங்க என்ன கிடக்கு பாக்கிறதுக்கு? அதோட அந்தக் கிழமை முழுக்க முதலாளி என்னை வேற தீவுக்கு வேலைக்கு அனுப்புறார். நீங்கள் வந்தாலும் வீடு பூட்டித்தான் கிடக்கும்."

பின்னால் நின்ற அம்மா குனிந்து போனைப் பார்த்தார். "உண்மையாவோ அண்ணா?"

"ஓம் தங்கச்சி. என்ர மருமகள் முதன்முதலா வாய் திறந்து என்னட்ட ஒண்டு கேக்கிறாள். விடு."

சுற்றுலாக்காரர் குவிகிற கோடை மாதத்தில் எந்த முதலாளி தன் சமையல்காரரை வெளியூருக்கு அனுப்புவான் என்று யோசிக்கிற வயது எனக்கில்லை. அம்மாவுக்கு இருந்தது. ஆனால் தாய்மாமன் மருமகளுக்கென்று கொடுத்ததை இடையில் நின்று தட்டிவிட அவரால் முடியவில்லை. "சரி" என்றார்.

நான் போனைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். புல்வெட்டி இரைச்சலுக்கு மேலாக அப்பாவிடம் வெனிஸ், வெனிஸ் என்று கத்தினேன். மூச்சு வாங்க உள்ளே வந்தபோது மாமா இன்னும் திரையில் இருந்தார். பெரிய சதுக்கத்தில் ஒன்றும் வாங்கிச் சாப்பிடாதே, இரண்டு பாலம் தள்ளிப் போ என்று உற்சாகமாகத் தொடங்கிவிட்டார். எனக்கு அவரைப்போல ஒரு மாமா உலகத்திலேயே யாருக்கும் இல்லை என்று தோன்றியது, அதை அவரிடமே சொன்னேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கட்டிலின் கீழிருந்த பெரிய பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். அது எப்போதோ நிரம்பியிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் பொட்டலங்கள், தேன் போத்தல்கள், அப்பாவுக்குச் சிறிதாகப் போகக்கூடிய ஒரு கம்பளிச் சட்டை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் அடுக்கினார். பெட்டியில் திடீரென்று அவ்வளவு இடம். நான் ஓடிப்போய் என் சப்பாத்துகளையும் நீச்சல் உடுப்பையும் தொப்பியையும் அள்ளிக்கொண்டு வந்து போட்டேன்.

அம்மா கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இடம் வேணுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

வேணும் என்றேன்.