வேற்றுமுகம் பார்த்த நாள்

என்னுடைய நீலச் சேலையில் தோள் பக்கம் ஒரு கிழிசல் இருக்கிறது. ஊக்குக் குத்திய இடத்தில் இழுபட்டுக் கிழிந்தது. கிழித்தது பாப்பா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேடத்தின் ஞாபகம்தான் வரும்.

மேடத்துக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை. பெற்றவர்களால் வளர்க்க முடியாத பாப்பாவை எங்கள் வீட்டில் வளர்ப்புக்குக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். அப்போது அவளுக்கு இரண்டு வயது. அதற்குள் பல கை மாறி வந்தவள். யார் கை நீட்டினாலும் போவாள். கீரைக்காரியிடம் போவாள், சிலிண்டர் போட வருபவரிடம் போவாள். வேற்றுமுகமே பார்க்காத தங்கமான பிள்ளை என்று தெருவே மெச்சியது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் ஆலங்குளத்திலிருந்து வரும் பஸ்ஸில் மேடமும் எங்களோடு வந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் பாப்பாவை மடியில் வாங்கி வைத்திருந்தாள். இறங்கும்போது அவள் குழந்தையை என்னிடம் நீட்டினால், இவள் அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் ஓடிப்போய்ப் பிடுங்கி வாங்கினேன்.

மேடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இவளுக்கு எல்லா முகமும் வேத்துமுகந்தான். நம்ம ஆளுன்னு ஒருத்தரு உண்டுன்னே தெரியல. டாக்டர்ட்ட காட்டணும்."

மனநல டாக்டர் என்றதும், பால்குடி மறந்தும் மறக்காத பிள்ளைக்கு இதென்ன கூத்து என்று என் வீட்டுக்காரர் குதித்தார். மேடம் விடவில்லை. வீடு தேடி வந்து வாதாடி, காப்பியும் குடித்து, மறுவாரமே எங்களைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார். டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, அழுதால் தூக்குவது எல்லாம் நான் ஒருத்தியே செய்ய வேண்டும், வாராவாரம் வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து அவளோடு விளையாட வேண்டும் என்றார். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் போனேன். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைக்கிறேன் என்று நாத்தனார் பேச்சையே நிறுத்திவிட்டாள். அதுவும் ஒரு நிம்மதிதான்.

சீசன் வந்தது. ஐந்தருவியில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாரலில் நின்றிருந்தேன். சிப்ஸ் கடைப் பக்கமிருந்து மேடம் வந்து, "வாட்டி தங்கம்" என்று இரண்டு கையையும் நீட்டினார். பாப்பா அவரைப் பார்த்தாள். உடனே என் தோள் சேலையைக் கொத்தாகப் பிடித்து, கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டு வீறிட்டாள். டர்ரென்று துணி கிழிந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மேடம் நீட்டிய கையோடு சிரித்தார், கண் நிறைந்திருந்தது.

"வராதட்டி. என்ட்டகூட வராத" என்றார்.

மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். பாப்பா இப்போது ஒன்றாம் வகுப்பு. நேற்று பீரோவைக் குடைந்து அந்தச் சேலையை எடுத்துவந்து, இதை யார் கிழித்தது, ஏன் இன்னும் தைக்கவில்லை என்று என்னை அதட்டினாள்.

"நீதாம்ட்டி. என்னய விட்டுப் போவ மாட்டேன்னு கிழிச்ச" என்றேன்.