கைக்குட்டையில் அப்பம்

என் கணவர் கிறிஸ்தவர். நான் பிள்ளையார் கோயில்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் போவோம். அவர் தேவாலயத்துக்குள் நுழைவார், நான் மார்க்கட்டுக்குப் போய்விடுவேன். கோயிலிலிருந்து நான் கொண்டுவரும் பொங்கலை மட்டும் அவர் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. இலையை வழித்துவிட்டுத்தான் போடுவார்.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்ளும் வீடாகிப் போனது; சில நாள் என் குரலே எனக்கு அலுத்துவிடும். ஞாயிறு வந்தால் அவர் கண் கலங்கும். போதகர் வீட்டுக்கு வந்து திருவிருந்து அப்பம் தருவதாகச் சொல்லியிருந்தார். தெல்தோட்டை வரைக்கும் உள்ள சபைகளுக்கெல்லாம் போதகர் அவர் ஒருவர்தான். பாவம், அவருக்கும் இரண்டு கால்தானே. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு நானே கிளம்பினேன்.

"உங்க பங்க நான் வாங்கிட்டு வாரேங்க" என்றேன். இடது கையால் என் கையை அழுத்தினார்.

தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆராதனையின் ஒழுங்கு அவர் பஸ்ஸில் சொல்லி அரைகுறையாகத் தெரியும். முதலில் பாவத்தை ஒத்துக்கொள்ள வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் நன்றி சொல்லி அப்பத்தைப் பிட்பதும் பங்கிடுவதும். மற்றதெல்லாம் முன் பெஞ்சுக்காரியின் முதுகைப் பார்த்துச் செய்தேன். அவள் எழுந்தால் எழுந்தேன், முழந்தாளிட்டால் முழந்தாளிட்டேன். பிரசங்கத்தில் அவள் தூங்கியதுதான் எனக்கு வரவில்லை. சமாதானம் சொல்லும் நேரம் எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள். என் பெஞ்சில் யாருமில்லை. தூக்கிய கையால் முந்தானையைச் சரிசெய்வதுபோல் செய்துகொண்டேன்.

வரிசை எழுந்ததும் நானும் முன்னால் போனேன். போதகர் என் உள்ளங்கையில் மெல்லிய அப்பமொன்றை வைத்தார். பங்கிடுவது என்றால் படுக்கையில் கிடப்பவருக்கும் பங்கு உண்டுதானே? திராட்சரசக் கிண்ணத்துக்கு நிற்காமல், கைக்குட்டையில் பொதிந்துகொண்டு திரும்பினேன்.

வாசலருகே நின்ற சபை அம்மா ஒருவர் பார்த்துவிட்டார். என் பொட்டையும் பார்த்தார்.

"அக்கா, அத இங்கயே வாயில போட்டுருங்க. வீட்டுக்கெல்லாம் கொண்டு போக ஏலாது."

"வீட்டுக்காரருக்குங்க. அவரு படுக்கையில இருக்காரு."

"அதுக்குப் போதகர் வருவாரு. இது பரிசுத்தமானது, இப்படி வச்சிருக்கக் கூடாதுங்க."

அவர் அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். திரும்பிப் பார்த்த முகங்கள்தான் என்னைப் பிடுங்கித் தின்றன. வாயில் போட்டுக்கொண்டேன். ருசி எதுவும் இல்லை. நாக்கில் ஒட்டிக் கரைந்துபோனது. பஸ்ஸில் வீடு வரைக்கும் எச்சில் விழுங்கவே மனம் வரவில்லை.

அவர் தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்திருந்தார். என்னைக் கண்டதும் இடது உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"கொண்டுவர விடலங்க. நானே சாப்பிட்டுட்டேன்."

நீட்டிய கை இறங்கவில்லை. பக்கத்தில் வரச்சொல்லி அசைந்தது. குனிந்தேன். கட்டைவிரலால் என் உதட்டைத் தொட்டார். பிறகு அந்த விரலைத் தன் வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.