எட்டாம் வாய்ப்பாட்டுக்கு எந்த ரோடு?

என் அண்ணன் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீடு ராஜபாளையத்தில், பள்ளிக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் குப்பை கொட்டும் இன்சூரன்ஸ் ஆபீசும் அங்கேதான் என்பதால், காலையில் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிப் போய் இறக்கிவிடுவது அத்தையாகிய என் பொறுப்பு. இறக்கிவிடுவதோடு என் பொறுப்பு முடிகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன மாதம் அவளுடைய மிஸ் ஒரு சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்காதவர்கள், விளையாட்டு பீரியடில் வகுப்பிலேயே உட்கார்ந்து அதை எழுத வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைதான் கோ-கோ டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். இவள் எப்படி ஓடுவாள் என்பதற்குப் பக்கத்து வீட்டுக் கோழிகளே சாட்சி. ஆனால் ஏழாம் வாய்ப்பாடு மட்டும் ஓடவே மாட்டேன் என்றது.

"எல்லாரும் சொல்லிட்டாங்க அத்த. நான் மட்டுந்தான் பாக்கி" என்று மூக்கை உறிஞ்சினாள்.

நான் சொல்லித் தருகிறேன் என்றேன். அண்ணன் சிரித்தான். "ஏட்டி, நீயா? பத்தாங்கிளாஸ்ல நீ கணக்குல எப்படி பாஸானன்னு அந்த வாத்தியாருக்கே இன்னும் வெளங்கல."

எனக்கும்தான் விளங்கவில்லை. தலையணை தடிமனில் நாவல்கள் படித்திருக்கிறேன். அவற்றில் யாருக்கு யார் சித்தப்பா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் போனைத் தேடுவேன்.

போதாததற்கு நான் படித்தது 'ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு' என்று ராகம் போட்டு. முதலில் இருந்து இழுத்தால்தான் வரும், நடுவில் ஏற முடியாது. அவளுக்கோ 'செவன் ஒன்ஸ் ஆர் செவன்'. அவள் கேட்டதை நான் தமிழாக்கி, முதலில் இருந்து பாடி, கிடைத்த விடையை ஆங்கிலமாக்கி நிமிர்வதற்குள் அவள் இட்லி தின்று கை கழுவியிருப்பாள். அந்த விடையும் சில நேரம் தப்பு.

"செவன் த்ரீஸா, த்ரீ செவன்ஸா அத்த?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"பொறவு எதுக்கு ரெண்டு இருக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் உட்கார நேரம் கிடைக்காததால் பாடத்தை ஸ்கூட்டருக்கு மாற்றினோம். நான் ஓட்ட, அவள் என் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருவாள். இரண்டே நாளில் வழுக்கிக்கொண்டு வந்தது. நாய் குரைக்கும் வீட்டைத் தாண்டும்போது ட்வென்டி ஒன். பெட்ரோல் பங்கில் ட்வென்டி எய்ட். மில் வாசல் கழிந்து, தூரத்தில் கோபுரம் தலை காட்டியதும் ஃபார்ட்டி டூ. பால்கோவாக் கடைகள் வந்தால் ஃபார்ட்டி நைன். ரயில்வே கேட்டில் ஃபிஃப்டி சிக்ஸ். பள்ளி வாசலில் செவன்டி, டாட்டா. எனக்குள் இப்படியொரு ஆசிரியை இத்தனை வருடம் வீணாக உறங்கியிருக்கிறாளே என்று ஆபீசில் பெருமூச்சு விட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், அண்ணன் முன்னால் பெருமை காட்டலாமென்று, சமையல்கட்டில் அவனோடு பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டேன். "செவன் சிக்ஸ் எம்புட்டு?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "கோபுரம் இன்னும் தெரியலையே அத்த."

அண்ணன் பட்டாணியைக் கீழே வைத்தான். "என்னத்தட்டி சொல்லிக் கொடுத்த?"

அவளுக்குத் தெரிந்தது வாய்ப்பாடா, ரூட்டா? வகுப்பறையில் பெட்ரோல் பங்குக்கு எங்கே போவாள்? விடிந்தால் வெள்ளிக்கிழமை. கடைசியில், "கண்ண மூடிட்டு வண்டில போற மாதிரி நெனச்சுக்கோ" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, வளைவு வரும் இடங்களில் உடம்பைச் சாய்த்து, ஃபிஃப்டி சிக்ஸ் வரை வந்தாள். அதற்குள் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். மீதி ரோடு அப்படியே நின்றது.

மறுநாள் ஆபீசில் இரண்டு ரசீதில் பெயரை மாற்றி எழுதினேன். சாயங்காலம் மனசு கேட்காமல் நானே கூப்பிடப் போனபோது மிஸ் வாசலில் நின்றிருந்தார்.

"உங்க பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா? ஒப்பிக்கச் சொன்னா கண்ண மூடிக்கிட்டு லெஃப்ட்ல சாயுது, ரைட்ல சாயுது."

"அது வந்து மிஸ்..."

"செவன் செவன்ஸ் வரைக்கும் நல்லா வந்துச்சு. பொறவு நின்னுட்டா. என்னம்மான்னு கேட்டா, 'கேட்டு போட்டிருக்கு மிஸ்'ங்கா."

நான் தரையைப் பார்த்தேன். அங்கே எனக்கு உதவியாக எதுவும் இல்லை.

"நானும் ராஜபாளையத்துல இருந்துதான தெனம் பஸ்ல வாரேன்? அந்தக் கேட்டுல நிக்காம என்னைக்கு வந்திருக்கோம்? சரி, தொறக்கட்டும்னு நானும் செத்த நேரம் நின்னேன். ரயிலு போயிருச்சு போல. ஃபிஃப்டி சிக்ஸ்னு சொல்லிட்டு செவன்டி வரைக்கும் ஒரே ஓட்டம்."

பின்னாலிருந்து அவள் ஓடி வந்தாள். முழங்கால் இரண்டிலும் செம்மண். "எடுத்துட்டாங்க அத்த!"

எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். மிஸ் கைப்பையை மாட்டியபடி, "அடுத்த வெள்ளிக்கு எட்டாம் வாய்ப்பாடு. சொல்லாதவங்களுக்கு பிராக்டிஸ் கெடையாது" என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டாம் வாய்ப்பாட்டோடு கிளம்பினோம். நாய் குரைத்தது. "ட்வென்டி ஒன்!" என்றாள்.

"அது ஏழு. இப்ப ட்வென்டி ஃபோர்."

"நாய் ட்வென்டி ஒன்தான அத்த?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. பெட்ரோல் பங்கு வந்தபோது என் வாய் தானாக ட்வென்டி எய்ட் என்றது. இருக்கிற ரோடு முழுவதையும் ஏழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. எட்டுக்கு இறங்க இடமில்லை.

"வேற ரோட்டுல போவமா அத்த? எனக்கு பிராக்டிஸ் போயிரும்."

இடது பக்கம் ஒரு ரோடு பிரிகிறது. தோப்புகளுக்குள் சுற்றி எங்கோ போய்ச் சேரும் என்கிறார்கள். ஆபீசுக்கு நேரமாகிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தே களைத்துப்போய் பக்கத்தில் வந்து நின்றது. கிளீனர் தலையை நீட்டினார்.

"எந்தப் பக்கந்தாம்மா போகணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதுகுப் பக்கமிருந்து பதில் போயிற்று.

"எட்டாம் வாய்ப்பாட்டுக்கு!"