முப்பத்திரண்டாம் பக்கத்தில் இல்லாத குறி

என் தம்பி ஜபருல்லா எட்டு வயதில் மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்தான். தமிழ்வழியில் படித்தே இயற்பியலில் தங்கப்பதக்கம் வாங்கினான். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வந்த நாற்பத்தொரு பேரில் தேர்வான இருவரில் ஒருவன். 1995 டிசம்பரில் அவன் கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழ் ஏற்றது. இடைக் கணக்குகளை மட்டும் முழுதாக எழுதி அனுப்பச் சொன்னது. அது அச்சானால்தான் முனைவர் பட்டம். உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது.

உலோகத்துக்குள் அணுக்கருக்கள் சாதாரண வெப்பத்திலேயே இணைந்து சூடு தருவதாக 1989-இல் சிலர் அறிவித்தார்கள். மற்றவர்கள் செய்து பார்த்தும் பெரும்பாலும் வரவில்லை. உலகம் சிரித்தது. நடந்தால் எப்படி நடக்கும் என்று ஆறு வருடம் கணக்குப் போட்டவன் இவன்.

“ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளுமுங்க்கா, ஆகாத ரெண்டு பேராட்ட. ஆனா காந்திபுரம் பஸ்ல ஏறிட்டா கூட்டமே நெருக்கிப்போடுதில்லீங்களா? உலோகத்துல எலக்ட்ரான்தான் அந்தக் கூட்டம்.”

“நெருக்கினா ஒறவாயிருவாங்களா கண்ணு? மூக்குலதான் குத்திக்குவாங்க.”

நான் எட்டாவது வரைதான். அவன் கிறுக்கல் தட்டச்சுக்காரருக்குப் புரியாது என்பதால் நோட்டைப் பார்த்து நகலெடுத்துக் கொடுத்தேன். அர்த்தம் தெரியாததால் ஒவ்வொரு குறியிலும் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். முப்பத்தோராம் பக்கக் கடைசி வரியிலிருந்த கழித்தல் குறி, அடுத்த பக்க முதல் வரியில் இல்லை.

“இது வேணுமா, வேண்டாமாடா?”

நோட்டை வாங்கிப் பார்த்தான். மதியம் வரை மூன்று முறை போட்டுப் பார்த்தான்.

“கூட்டம் நெருக்கலீங்க்கா. தள்ளித்தான் நிறுத்துது.”

“நான் ஏதாச்சும் மாத்திப்போட்டேனா?”

“நீங்க இல்லீங்க. தொண்ணூத்திரண்டுல நான் செஞ்சுபோட்ட தப்பு.”

வழிகாட்டிப் பேராசிரியர் பாலகோபாலிடம் போனான். அங்கே நடந்ததை வந்து சொன்னான்.

“அந்தப் படிய மட்டும் தாண்டிப்போடுப்பா. யாரு தேடப்போறாங்க?”

“எங்கக்கா கண்டுபுடிச்சுட்டாங்க சார்.”

“எட்டாவது படிச்சவங்கதானே?”

“எட்டாவதுக்கே தெரிஞ்சுபோச்சுங்களே சார்.”

அவர் முகம் மாறிவிட்டதாம். “அப்ப நீயே எழுதிக்கோ. என் பேர இழுக்காதே.”

நோன்பு மாதம் முழுதும் வேறு வழி தேடினான். இல்லை. பெருநாள் கழிந்ததும் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினான். தவறு எந்தப் பக்கம், எந்த வரி என்பது உட்பட. அதுவரை அந்த இதழுக்குப் போன கடிதங்களிலெல்லாம் பேராசிரியரின் கையெழுத்துத்தான். என் தம்பி முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்திட்டது 1996 பிப்ரவரி 23, வெள்ளிக்கிழமை.